10/22-இல் ஸ்கோப் போட்ட பிறகு குரூப் நிற்கவில்லை. எதை முதலில் மாற்றுவது?

மேலூரான்:

வணக்கம். டெக்சஸ், டாலஸ் பக்கம். ரைபிள் ரூகர் 10/22 (.22 தோட்டா), சாதா கார்பைன்: மர ஸ்டாக், 18.5 அங்குல பேரல், முன்னால் பேரல் பேண்ட் (பேரலையும் மரத்தையும் சேர்த்துப் பிடிக்கும் வளையம்). பெட்டியோடு வந்த பேஸிலேயே (ஸ்கோப் ரிங் உட்காரும் அடித்தட்டு) 3-9×40 ஸ்கோப் மாட்டியிருக்கிறேன். ஸ்கோப் ஒரு .308 ரைபிளிலிருந்து கழற்றியது. ரிங் மட்டும் புதிது, பிக்கட்டினி வகை.

மணல் மூட்டை மேல் வைத்துச் சுட்டாலும் 50 யார்டில் ஐந்து தோட்டா குரூப் 2 முதல் 3 அங்குலம் வரை விரிகிறது. இன்று ஜீரோ செய்தால் (குறியும் குண்டு விழும் இடமும் ஒன்றாகும்படி ஸ்கோப்பைத் திருத்தினால்) அடுத்த முறை ரேஞ்சுக்குப் போகும்போது அரை அங்குலமாவது நகர்ந்திருக்கிறது. இதெல்லாம் போக, மேலே ஏற்றும் கிளிக் தீர்ந்துவிட்டது. டரட் (ஸ்கோப்பின் திருகு குமிழ்) முட்டி நிற்கிறது, 25 யார்டில் குண்டு இன்னும் ஒரு அங்குலம் கீழேதான் விழுகிறது.

தேவை ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட் என்ற ரைபிள் பயிற்சி முகாமுக்கு (25 மீட்டர்), பிறகு அணில் வேட்டைக்கு. 300 டாலர் ஒதுக்கியிருக்கிறேன். கனமான பேரல், ரூகரின் பிஎக்ஸ் ட்ரிகர், புது ஸ்கோப், இந்த மூன்றில் எது முதலில்?

---

கொங்கு22:

இப்போதைக்கு மூணுமே வேண்டாங்க. நீங்க எழுதினதுலயே ஒரு தப்பு தெரியுது.

10/22 பெட்டியில வர்ற பேஸ் வீவர் வகை. அதோட காடி அகலம் 0.180 அங்குலம். பிக்கட்டினி காடி 0.206 அங்குலம். பிக்கட்டினி ரிங்குல அடியில இருக்கற குறுக்குக் கட்டை பெரும்பாலும் வீவர் காடிக்குள்ள இறங்காது. இறங்காம மேலேயே உட்கார்ந்துக்கும், பக்கத்துத் தாடை மட்டும் விளிம்பை நுனியில கவ்விட்டு நிக்கும். கையில ஆட்டிப் பார்த்தா கெட்டியாத்தான் இருக்கும். நூறு தோட்டா போனதும் ஒரு மயிரிழை நகரும், உங்க ஜீரோவும் கூடவே நகரும். டார்ச்சை ஒரு பக்கம் பிடிச்சுட்டு மறுபக்கம் ரிங்குக்கும் பேஸுக்கும் நடுவுல பாருங்க. வெளிச்சம் வந்தா அதுதான் வியாதி.

தலைகீழா பிரச்சினை இல்லைங்க. வீவர் ரிங் பிக்கட்டினி பேஸ்லயும் உட்காரும். அதனால ஒண்ணு வீவர் ரிங் வாங்குங்க, இல்லைன்னா 10/22-க்குன்னே விக்கற பிக்கட்டினி பேஸ் வாங்குங்க. ரெண்டுல எது வாங்கினாலும் பெரிய காசு இல்லை.

மாட்டற முறையையும் சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேர் இங்கதான் கோட்டை விடறாங்க. மொதல்ல மேகசினைக் கழட்டுங்க, போல்ட்டை இழுத்துப் பூட்டுங்க, சேம்பருக்குள்ள கண்ணால பார்த்து விரலாலும் தொட்டுப் பாருங்க. தோட்டா டப்பா அந்த மேசையிலயே இருக்கக்கூடாது.

பேஸைக் கழட்டினா நாலு ஸ்க்ரூ வரும், 6-48 மரை. ரிசீவர் (போல்ட் ஓடற நடு உடல்) அலுமினியங்க, மரை கழன்றா கதை முடிஞ்சது. ஸ்க்ரூ, துளை ரெண்டுலயும் எண்ணெய் இல்லாம அசிட்டோன் தொட்டுத் துடைங்க. நீல நிற லாக்டைட் 242 ஒவ்வொரு ஸ்க்ரூவுக்கும் குண்டூசித் தலை அளவு போதும். 15 இன்ச்-பவுண்டுக்கு இறுக்குங்க. கார் மெக்கானிக் வெச்சிருக்கற ஃபுட்-பவுண்டு ரெஞ்சை எடுத்துராதீங்க. 15 இன்ச்-பவுண்டுன்னா ஒன்னேகால் ஃபுட்-பவுண்டுதான், அந்த ரெஞ்சு அதை உணரவே உணராது. துப்பாக்கி வேலைக்குன்னு இன்ச்-பவுண்டு டார்க் ஸ்க்ரூடிரைவர் தனியா கிடைக்குது. உங்க 300-ல மொதச் செலவு அதுவா இருக்கட்டும்.

பேஸ் மாட்டினதும் போல்ட்டைக் கையால மெதுவா முன்னும் பின்னும் ஓட்டிப் பாருங்க. வேற ஸ்க்ரூ போட்டு அது நீளமாயிட்டா உள்ளே போல்ட்டை உரசும். அப்புறம் "தோட்டா ஏற மாட்டேங்குது"ன்னு மேகசினைக் குறை சொல்லிட்டு இருப்போம்.

அடுத்தது ரிங். அடிப்பாகத்தைக் காடியில வெச்சு முன்பக்கமாத் தள்ளிப் பிடிச்சுட்டு இறுக்கணும். ஏன்னா சுடறப்ப ரைபிள் பின்னால போகும், ஸ்கோப் நின்ன இடத்துலயே நிக்கப் பார்க்கும். முன்சுவரோட ஒட்டியிருந்தா நகர இடமே இருக்காது. .22-ல உதை ஒண்ணுமில்லைதான், ஆனா பழகிக்கங்க. மேல் மூடி ஸ்க்ரூக்கள் 15-லிருந்து 18 இன்ச்-பவுண்டு, குறுக்கா மாத்தி மாத்தி, ரெண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவா இருக்கணும். ரிங் மூடிக்கு லாக்டைட் வேண்டாங்க. ஈரமா இருக்கறப்ப அது எண்ணெய் மாதிரி வழுக்கும், அதே 18-க்கு உண்மையில அதிகமா இறுகி ஸ்கோப் குழாயை நசுக்கிரும்.

---

சாரல்:

கொங்கு சொன்னது ஜீரோ நகர்வதற்கான காரணம். குரூப் விரிவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: பாரலாக்ஸ்.

.308-க்கான ஸ்கோப் என்றால் அதன் பாரலாக்ஸ் பெரும்பாலும் 100 யார்டுக்கு அமைக்கப்பட்டிருக்கும். ரிம்ஃபயர் (.22 வகைக்கான) ஸ்கோப்புகளை 50 அல்லது 60 யார்டுக்கு அமைப்பார்கள். அமைத்த தூரத்தில் இலக்கின் பிம்பமும் குறுக்குக்கோடும் ஒரே தளத்தில் விழும், கண் எங்கே இருந்தாலும் கோடு அசையாது. அதைவிட அருகில் வந்தால் பிம்பம் ஒரு தளத்தில், கோடு வேறு தளத்தில். கன்னம் ஸ்டாக்கில் படும் இடம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறினாலே குறி மாறிவிடும்.

எவ்வளவு மாறும் என்று கணக்குப் போட்டுவிடலாம். முன் லென்ஸ் விட்டத்தில் பாதி, பெருக்கல் தூர வித்தியாசம், வகுத்தல் பாரலாக்ஸ் தூரம். உங்கள் லென்ஸ் 40 மி.மீ., பாதி 20. 25 மீட்டர் என்பது ஏறக்குறைய 27 யார்டு. 20 × 73 ÷ 100 = 14.6 மி.மீ. கண் ஒரு ஓரத்துக்குப் போனால் அரை அங்குலத்துக்கு மேல் அந்தப் பக்கம், மறு ஓரத்துக்குப் போனால் அதே அளவு இந்தப் பக்கம். ஆப்பிள்சீட்டில் எதிர்பார்ப்பது 4 எம்ஓஏ (கோண அளவு, ஒரு எம்ஓஏ 100 யார்டில் ஏறக்குறைய ஒரு அங்குலம்). 25 மீட்டரில் அது ஒன்றேகால் அங்குலம்கூட இல்லை, 1.14. மோசமான நிலையில் நீங்கள் ட்ரிகரைத் தொடும் முன்பே பாரலாக்ஸ் அந்த அளவு முழுவதையும் தின்றுவிடும்.

இது அதிகபட்சக் கணக்கு. தலையை ஒரே இடத்தில் வைப்பவருக்கு இதில் கால்வாசிகூட வராது. ஆனால் ஆப்பிள்சீட்டில் நின்று, உட்கார்ந்து, படுத்து என்று நிலை மாறிக்கொண்டே இருக்கும், மூன்றிலும் கன்னம் வேறு வேறு இடத்தில் படும். மேலும் இரும்புக் குறிக்காகச் செய்த தாழ்ந்த ஸ்டாக், அதன் மேலே ஸ்கோப். கன்னம் பதியாமல் தாடையை ஒட்டிக்கொண்டு பார்க்க வேண்டியிருக்கும்.

சோதிப்பது எளிது. காலி ரைபிளை மணல் மூட்டையில் பதித்து, 25 யார்டு இலக்கைப் பார்க்கும்படி வையுங்கள். கையை எடுத்துவிட்டுத் தலையை மட்டும் மேலே கீழே, இடம் வலம் மெதுவாக நகர்த்துங்கள். கோடு இலக்கின் மேல் நடந்தால் அதுதான். எத்தனை அங்குலம் நடக்கிறது என்றும் பார்த்துவிடலாம்.

செலவில்லாத வழி, ஸ்டாக் மேல் கன்னத்துக்கு அட்டை போன்ற நுரை மெத்தை வைத்துக் கட்டித் தலையை ஒரே உயரத்தில் நிறுத்துவது. செலவு செய்யும் வழி, முன்லென்ஸைத் திருகி 10 யார்டு வரை பாரலாக்ஸை இறக்கக்கூடிய ஏஓ வகை ஸ்கோப். 2-7×32 ரிம்ஃபயர் ஸ்கோப் வாங்கினாலும் கணக்கு 14.6-இலிருந்து 7.4-க்கு இறங்குகிறது. சிலர் பழைய ஸ்கோப்பின் முன்வளையத்தைக் கழற்றி லென்ஸையே திருகி 50 யார்டுக்குக் கொண்டுவருவார்கள். அது வேலை செய்யும். ஆனால் உள்ளே அடைத்த நைட்ரஜன் போய்விடும், மழைக்காலக் காலையில் உள்பக்கம் பனி மூடும். எனக்கு அதில் உடன்பாடில்லை.

---

மேலூரான்:

இருவருக்கும் நன்றி. டார்ச் வைத்துப் பார்த்தேன், பின் ரிங் அடியில் வெளிச்சம் தெரிந்தது. வீவர் ரிங் மாற்றியாகிவிட்டது. பாரலாக்ஸ் சோதனையில் கோடு 25 யார்டில் ஓரத்துக்கு ஓரம் முக்கால் அங்குலம் நடக்கிறது.

ஆனால் மேலே ஏற்றும் கிளிக் இன்னும் போதவில்லை. முழுக்க ஏற்றியும் 25 யார்டில் முக்கால் அங்குலம் கீழே. ஸ்கோப் கோளாறா?

---

திருகாணி:

ஸ்கோப்பைச் சந்தேகப்படும் முன் டரட்டை நடுவுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு கோடியிலிருந்து மறுகோடிவரை கிளிக்கை எண்ணி, பாதி திரும்பி வந்தால் அது நடு. இரண்டு டரட்டும் நடுவில் இருக்கும்போது 25 யார்டில் பெரிய அட்டை வைத்து மூன்று தோட்டா சுடுங்கள். (இந்த ரைபிளில் ரிசீவரின் பின்பக்கம் மூடியிருக்கும். போல்ட்டைக் கழற்றி பேரல் வழியே எட்டிப் பார்த்துச் சரிசெய்யும் வித்தை இதில் நடக்காது.) நடுவில் வைத்தும் மூன்று நான்கு அங்குலம் கீழே விழுந்தால் அது ஸ்கோப் கோளாறு அல்ல, பேரல் தொங்குகிறது.

10/22-இல் பேரல் மரை போட்டு இறுக்கியதல்ல. ரிசீவருக்குள் வழுக்கி நுழையும், அடியில் வி-பிளாக் என்ற சின்னக் கட்டை இரண்டு ஸ்க்ரூவால் அதைப் பின்னோக்கி இழுத்துப் பிடித்திருக்கும். ரிசீவரின் துளை ஒரு இழை தளர்வாக இருந்தாலும் அந்த இழுவிசை பேரல் வாயைக் கீழே சாய்த்துவிடும். இரும்புக் குறியில் இது தெரியாது, இரண்டு குறியும் பேரல் மேலேயே இருப்பதால் அதனுடனே சாயும். ஸ்கோப் ரிசீவர் மேல் உட்கார்ந்திருக்கிறது, அதனால்தான் அங்கே வித்தியாசம் தெரிகிறது.

ஸ்டாக்கைக் கழற்ற ஒரு ஸ்க்ரூதான். பேரல் பேண்டையும் எடுக்க வேண்டும். சேஃப்டி பொத்தான் முழுக்க உள்ளேயோ வெளியேயோ இருந்தால் மரத்தில் மாட்டிக்கொள்ளும், சரிபாதியில் நிறுத்திவைத்தால் ஆக்‌ஷன் (ரிசீவரும் பேரலும் சேர்ந்த பகுதி) வழுக்கி வெளியே வரும். சேஃப்டியைப் பாதியில் நிறுத்துகிறோம் என்பதால் சேம்பரை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள். நெம்பி எடுத்து ஸ்டாக்கைப் பிளந்தவர்கள் உண்டு.

வி-பிளாக் ஸ்க்ரூ இரண்டையும் தளர்த்தி, பேரலை ரிசீவருக்குள் நன்றாகத் தள்ளி, ஒரு ஸ்க்ரூ கால் திருப்பு, மற்றது கால் திருப்பு என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். அதிகம் இறுக்கினால் பிடி கூடாது, தொங்கல்தான் கூடும். பலருக்கு இதிலேயே பாதி சரியாகிவிடும்.

மீதிக்குப் பின் ரிங்கை உயர்த்த வேண்டும். கணக்கு இது: ரிங் இரண்டுக்கும் இடையே 4 அங்குலம் இருந்து, பின் ரிங்கை 0.010 அங்குலம் உயர்த்தினால் ஏறக்குறைய 8.6 எம்ஓஏ கிடைக்கும். 25 யார்டில் அது 2¼ அங்குலம். உங்களுக்கு முக்கால் அங்குலம்தான் குறை, ஆனால் டரட் கோடியில் நிற்கக் கூடாது, நடுப்பக்கம் வர வேண்டும். ஆகவே 0.010 சரியாக இருக்கும். ரிங்குக்குள் தகடு வெட்டி வைக்காதீர்கள். குழாய் வளைந்து உள்ளே இருக்கும் சுருள்வில் ஒரு பக்கம் சிக்கும், அப்புறம் கிளிக் செய்தாலும் கோடு நகராது. பேஸின் பின்பாதிக்கு அடியில் பித்தளைத் தகடு வைக்கலாம், அல்லது பர்ரிஸ் சிக்னேச்சர் ஸீ ரிங் வாங்கலாம். அதில் உள்ளே பிளாஸ்டிக் வளையம் உருண்டு உட்காரும், 0.005, 0.010, 0.020 என்று ஒதுங்கிய அளவுகளில் கிடைக்கிறது. குழாயில் கீறலும் விழாது. வீவர் பேஸிலும் உட்காரும்.

---

கரிசல்:

எல்லாம் சரி, ஆனா ட்ரிகரை இப்படித் தள்ளிவைக்கிறது எனக்கு ஒப்பவில்லை. இந்தக் கார்பைன் எடை 5 பவுண்டு. கம்பெனி ட்ரிகர் 6 பவுண்டு பக்கம். துப்பாக்கியைத் தூக்குறதைவிட ட்ரிகரை இழுக்க அதிக பலம் வேணும். நின்னு சுடும்போது குறி கலையுறது இதனாலதான். பிஎக்ஸ் ட்ரிகர் 2.5-லிருந்து 3 பவுண்டு, முழு யூனிட்டா வருது, உரசித் தேய்க்கிற வேலை எதுவும் கிடையாது. ட்ரிகரை வீட்டில அரம் போட்டுத் தேய்க்கிறேன்னு யாராவது சொன்னா ஓடிடுங்க. சியர் (சுத்தியலைப் பிடிச்சு நிறுத்துற கொக்கி) முனை உருண்டுட்டா துப்பாக்கி தானா வெடிக்கும்.

மாத்துறது ரெண்டு குறுக்கு ஊசியைத் தட்டி எடுக்கிற வேலைதான். சுத்தியல் பாகத்தை ஏத்திவெச்ச நிலையிலதான் ரிசீவருக்குள்ள திருப்பி மாட்டணும். யூனிட்டைக் கையில வெச்சுக்கிட்டு ட்ரிகரை இழுத்துப் பார்க்கிற ஆசை வரும். இழுக்காதீங்க. சுத்தியல் போய் ஹவுசிங்ல மோதி உடைக்கும்.

தோட்டாவைப் பத்தி இன்னும் யாரும் பேசலையே? பேரல் மாத்துறதுக்கு முன்னாடி அஞ்சு வகை தோட்டா வாங்குங்க: சிசிஐ ஸ்டாண்டர்ட், மினி-மேக், ஃபெடரல் ஆட்டோமேட்ச், எஸ்கே, எலி. ஒவ்வொண்ணும் மெழுகு வேற வேற, அதனால வகை மாத்தினதும் முதல் 10, 15 தோட்டாவைக் கணக்குல சேர்க்கக் கூடாது. அப்புறம் அஞ்சஞ்சா அஞ்சு குரூப். ஒரே ரைபிள்ல ஒரு தோட்டா 50 யார்டுல ஒரு அங்குலம் தரும், அடுத்தது ரெண்டரை தரும். சாதா கார்பைன்ல ஒண்ணு, ஒண்ணரை அங்குலம் கிடைச்சா அது நல்ல ரைபிள், பேரலைத் தொட வேண்டாம்.

வேகம் கூடினா நல்லதுன்னு நினைக்க வேண்டாம். மினி-மேக் விநாடிக்கு 1235 அடி, ஒலி வேகம் 1125 சுத்தி. வழியிலேயே ஒலி வேகத்துக்குக் கீழே இறங்குற குண்டு காத்துல அதிகமா நகரும். சிசிஐ ஸ்டாண்டர்ட் 1070-ல புறப்படுது, கீழேயே இருக்கு. ஆனா போல்ட் அழுக்கா இருந்தாலோ குளிர்ல எண்ணெய் கெட்டியா இருந்தாலோ ஸ்டாண்டர்ட் தோட்டா போல்ட்டை முழுசா பின்னால தள்ளாது, காலி உறை வாசல்லயே நட்டுக்கிட்டு நிக்கும். எண்ணெயைக் குறைங்க, ரிம்ஃபயர்ல எண்ணெய்தான் கரியைச் சேர்த்துப் பசையாக்குது.

---

கொங்கு22:

கரிசல் அண்ணே, ட்ரிகர் வேண்டாம்னு சொல்லலைங்க, வரிசையில பின்னாடி வெச்சிருக்கேன். மணல் மூட்டையில 3 அங்குலம் விரியற ரைபிளுக்கு ட்ரிகர் மாத்தினா, எது சரியாச்சுன்னே தெரியாது. தோட்டா விஷயத்துல நீங்க சொன்னது நூத்துக்கு நூறு.

விட்டுப்போனது பேரல் பேண்ட். ஆப்பிள்சீட்டுக்குப் போறவருக்கு இது முக்கியங்க. அங்க ஒன்னேகால் அங்குல வார் கையில சுத்தி இறுக்கிச் சுடச் சொல்வாங்க. வார் கொக்கி பேண்ட்ல மாட்டியிருந்தா, இறுக்கற ஒவ்வொரு தடவையும் பேண்ட் பேரலை இழுக்கும். வார் இல்லாம ஒரு ஜீரோ, வாரோட ஒரு ஜீரோன்னு ஆயிரும். கொக்கிக்கான ஸ்டட்டை மரத்துலயே துளை போட்டு மாட்டுங்க. பேண்டைக் கழட்டிச் சுட்டுப் பாருங்க. ஜீரோவை வாரோட இறுக்கிப் படுத்த நிலையிலயே செஞ்சுக்கங்க.

ஆக்‌ஷன் ஸ்க்ரூவும் அப்படித்தான். ஒரே ஒரு ஸ்க்ரூ முழு ஆக்‌ஷனையும் மரத்தோட பிடிச்சிருக்கு. 12, 15, 18, 20 இன்ச்-பவுண்டுன்னு ஒவ்வொண்ணுலயும் ரெண்டு குரூப் சுட்டுப் பாருங்க, எங்க சுருங்குதோ அங்க நிறுத்துங்க. அந்த எண்ணை ஸ்டாக் உள்பக்கம் பென்சில்ல எழுதி வெச்சுட்டா அடுத்த தடவை சுத்தம் பண்ணி மாட்டறப்ப தேட வேண்டியதில்லை.

---

சாரல்:

சாய்வைப் பற்றியும் ஒரு வரி. குறுக்குக்கோடு நேராக நிற்க வேண்டும். 10/22 ரிசீவரின் முதுகு உருண்டை, அதன் மேல் ரசமட்டம் நிற்காது. பேஸின் தட்டையான மேல்பக்கத்தில் ரசமட்டத்தை வைத்து ரைபிளை நேராக்கிக்கொள்ளுங்கள். 25 யார்டு தள்ளி ஒரு தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, நூலோடு செங்குத்துக் கோடு ஒட்டும்வரை ஸ்கோப்பைத் திருப்பிப் பிறகு ரிங்கை இறுக்குங்கள். இறுக்கும்போது ஸ்கோப் ஸ்க்ரூ திரும்பும் பக்கமே உருளப் பார்க்கும், கடைசியில் மறுபடி நூலைப் பாருங்கள். 3 டிகிரி சாய்ந்திருந்தால் 25-இல் தெரியாது. 50-இல் ஜீரோ செய்துவிட்டு 100-க்குக் கிளிக் ஏற்றிச் சுட்டால் கால் அங்குலத்துக்கு மேல் பக்கவாட்டில் போயிருக்கும்.

கண் தூரத்தை 9 மடங்கில் வைத்து அமையுங்கள். அதிகப் பெருக்கத்தில்தான் கண் நிற்கும் இடம் குறுகும், அங்கே சரியாக இருந்தால் 3 மடங்கில் தானாகச் சரியாக இருக்கும். சுடும்போது உடுத்தும் சட்டையோடு, படுத்த நிலையிலும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். படுக்கும்போது தலை முன்னே போகும்.

---

புதுவரவு:

இடையில் ஒரு கேள்வி. நான் எச்-1பி-யில் இருக்கிறேன். ரைபிள் வாங்க முடியுமா? நண்பருடையதை ரேஞ்சில் சுடலாமா?

---

திருகாணி:

குடியேறா விசாவில் இருப்பவர் (எச்-1பி, எஃப்-1 எல்லாம் இதில் அடங்கும்) துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்க மத்தியச் சட்டத்தில் தடை உண்டு. விதிவிலக்குகளில் நமக்குப் பயன்படுவது ஒன்று: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம். கிரீன் கார்டு வந்தவருக்கு இந்தத் தடை கிடையாது.

கடையில் நிரப்பும் 4473 படிவத்திலேயே இந்தக் கேள்வி இருக்கிறது. தவறாக நிரப்புவது தனிக் குற்றம், விசாவையும் சேர்த்துக் கெடுக்கும். ரேஞ்சில் வாடகைக்கு எடுப்பதும், நண்பரின் ரைபிளைக் கையில் வாங்குவதும் இதே விதிக்குள்தான். முதலில் உரிமம், பிறகு ரேஞ்ச். மாநிலச் சட்டம் அதற்கு மேல் தனி. நியூ ஜெர்சி என்றால் துப்பாக்கி வாங்குவோர் அடையாள அட்டை வேண்டும், மேகசின் 10 தோட்டாவுக்கு மேல் கூடாது. டெக்சஸில் அப்படி இல்லை. உங்கள் நிலையில் குழப்பம் இருந்தால் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேட்டுவிட்டே வாங்குங்கள், இங்கே கிடைக்கும் பதிலை நம்பி வேண்டாம்.

---

மேலூரான்:

வி-பிளாக் மாற்றி இறுக்கி, பர்ரிஸ் ரிங்கில் பின்னால் 0.010 வளையம் போட்டதும் டரட் நடுவுக்குப் பக்கத்தில் வந்துவிட்டது. பேண்டைக் கழற்றி, ஆக்‌ஷன் ஸ்க்ரூ 18-இல், சிசிஐ ஸ்டாண்டர்ட் தோட்டாவில் 50 யார்டு குரூப் 1.2 அங்குலம். கடைசிக் கேள்வி: ஜீரோவை 25-இல் வைப்பதா, 50-இலா? 25 மீட்டரில் ஒரு அங்குலத்துக்கு எத்தனை கிளிக்?

---

கரிசல்:

கால் எம்ஓஏ கிளிக்னா 25 யார்டுல அங்குலத்துக்கு சுமாரா 15, 25 மீட்டர்ல 14, 50 யார்டுல 8.

ஜீரோ விஷயத்துல .22 உங்களுக்கு ஒரு சலுகை தருது. ஸ்கோப் நடு பேரல் நடுவுல இருந்து ஒன்றரை அங்குலம் உயரத்துல இருந்தா, 1235 அடித் தோட்டாவை 50 யார்டுல ஜீரோ செய்யும்போது 25-லயும் ஏறக்குறைய அதே புள்ளியிலதான் விழும். குண்டு மேலேறி வரும்போது 25-ல கோட்டைத் தொட்டு, கொஞ்சம் மேலே போய், 50-ல திரும்பத் தொடும். 75-ல 2 அங்குலம் கீழே, 100-ல 6 அங்குலம் பக்கம் கீழே. 1070 அடித் தோட்டாவுக்கு இந்த வளைவு கொஞ்சம் கூடும், 50-ல ஜீரோ செஞ்சா 25-ல கால் அங்குலம்போல மேலே நிக்கும். ஆப்பிள்சீட் முழுக்க 25 மீட்டர்தான், அதனால அதுக்கு 25 மீட்டர்லயே செஞ்சுக்குங்க. அணிலுக்குப் போகும்போது 50-ல சரிபார்த்து அந்தக் கிளிக் வித்தியாசத்தைக் குறிச்சு வைங்க.

ஒரு தோட்டா சுட்டுட்டு டரட்டைத் தொடாதீங்க. அஞ்சு சுட்டு, குரூப் நடுவை ஸ்கேல்ல அளந்து, அதுக்குத் திருகுங்க. சுமாரான ஸ்கோப்னா 4 கிளிக் தாண்டிப் போய்த் திரும்பி வாங்க, உள்ள இருக்கிற வில் ஒட்டிக்கிட்டிருந்தா விடும். காத்து இருந்தா கொடி தொங்குற நேரத்துக்குக் காத்திருங்க. 10 மைல் குறுக்குக் காத்து 50 யார்டுலயே ஒரு அங்குலம் தள்ளிரும், அதுக்கு ஜீரோவைத் திருகினா அடுத்த நாள் எதிர்ப்பக்கம் திருகணும்.

---

கொங்கு22:

ஆப்பிள்சீட் பையில இதையும் போட்டுக்கங்க: சேம்பர் கொடி (சேம்பர் காலின்னு காட்டறதுக்கு), 10 தோட்டா மேகசின் குறைஞ்சது ரெண்டு. அவங்க தகுதித் தேர்வுல 40 தோட்டா, 250-க்கு 210 வாங்கணும். உட்கார்ந்து சுடற கட்டம் 55 விநாடி, படுத்துச் சுடற வேகக் கட்டம் 65 விநாடி, ரெண்டுலயும் ஒரு மேகசின்ல 2, இன்னொண்ணுல 8 போட்டு நடுவுல மாத்தணும். பழைய 10/22-ல மேகசின் விடற தாழ் உள்ளடங்கி இருக்கும், அதைத் தடவித் தேடறதுலயே அஞ்சு விநாடி போயிரும். நீளத் தாழ் ஒண்ணு மாட்டிருங்க, ட்ரிகர் யூனிட்டைக் கழட்டறப்பவே அந்த வேலையும் முடிஞ்சுரும். ஸ்கோப்பை 4 மடங்குக்கு மேல ஏத்தாதீங்க. 9-ல வெச்சா நிலை மாறி இறங்கினதும் உங்க இலக்குத்தாளைக் கண்டுபிடிக்கவே நேரம் போகும், பக்கத்து ஆளோட தாள்ல சுட்டுட்டு வர்றவங்க எல்லாம் அப்படித்தான்.